நாட்டுப் பணிக்கு ஓராண்டு: வேலூர் மாவட்ட இளைஞர்கள் எங்கே தங்கிச் செய்வது? ஓர் ஒப்பீடு

பட்டப்படிப்பின் கடைசிப் பருவத் தேர்வு நெருங்கும்போது, நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஈடுபாட்டோடு இருந்த மாணவர்களில் சிலர் திட்ட அலுவலரைத் தேடி வந்து ஒரு கேள்வி கேட்பார்கள். வேலைக்குப் போவதற்கு முன் ஓராண்டோ ஈராண்டோ மக்கள் பணிக்குக் கொடுக்க விரும்புகிறோம், எதில் சேரலாம் என்பதே அந்தக் கேள்வி. வேலூர்க் கல்லூரி ஒன்றில் அந்தப் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் அவரவர் நிலைமைக்கேற்பத் தனித்தனியாகப் பதில் சொல்லி வந்திருக்கிறேன். இனி கேட்கப்போகிறவர்களுக்கும் உதவும் என்பதால் அந்தப் பதில்களை விரிவாக இங்கே எழுதுகிறேன்.

பொதுவாக இந்த ஒப்பீட்டை உதவித்தொகையிலிருந்து தொடங்குவார்கள். மாதம் எவ்வளவு கிடைக்கும், சான்றிதழுக்கு மதிப்பு உண்டா, அரசு வேலைக்குப் பயன்படுமா என்று கேட்பார்கள். இவை கேட்க வேண்டிய கேள்விகளே. ஆயினும் இவற்றுக்கு முன்பாக, அந்தப் பணியில் இரவு எங்கே, யாரோடு தங்கப்போகிறீர்கள் என்பதை விசாரிக்கச் சொல்வேன். பகலில் ஒரு கிராமத்துக்குப் போகிற வெளியாள் பார்ப்பது பள்ளிக்கூடத்தையும் ரேஷன் கடையையும் ஊராட்சி அலுவலகத்தையும் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் முதியவர்களையும்தான். உழைக்கிற வயதிலுள்ளவர்கள் அந்நேரம் வயலிலோ, நூறு நாள் வேலையிலோ, பேர்ணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளிலோ, ஷூ கம்பெனிகளிலோ இருப்பார்கள். கடைசிப் பேருந்தைப் பிடித்துத் திரும்பிவிடுகிற தொண்டர், அந்த ஊரின் பெரும்பாலோரைச் சந்திக்காமலேயே தன் பணிக்காலத்தை முடித்துவிடக்கூடும்.

தங்கிச் செய்யும் தேசியப் பணியின் முழு வடிவம் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்க அரசின் இளைஞர் சேவைத் திட்டமான அமெரிகோர் என்.சி.சி.சி.யைச் சொல்லலாம். 18 முதல் 26 வயது வரையுள்ளவர்கள் ஏறத்தாழப் பத்து மாதங்கள் முழுநேரமாக அதில் இருப்பார்கள். பத்துப் பேர் அளவிலான ஒரு குழு ஒரே வேனில் பயணம் செய்து, சில வாரங்களோ இரண்டு மூன்று மாதங்களோ ஓர் ஊரில் தங்கி, புயலில் சிதைந்த வீடுகளைச் சீரமைப்பது, காட்டுப் பாதை அமைப்பது போன்ற வேலையைச் செய்துவிட்டு அடுத்த ஊருக்கு நகரும். தலைக்கு இவ்வளவு என்று ஒதுக்கப்பட்ட உணவுப் பணத்தில் அவர்களே முறை வைத்துச் சமைப்பார்கள். 1933 முதல் 1942 வரை, பெருமந்தக் காலத்தில் வேலையற்ற இளைஞர்களை முகாம்களில் தங்கவைத்து மரம் நடவும் பூங்கா அமைக்கவும் செய்த திட்டமே இதற்கு முன்மாதிரி. 2025 ஏப்ரலில் அந்நாட்டு அரசின் செலவுக் குறைப்பு நடவடிக்கையால் இதில் இருந்தவர்கள் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். நம் மாணவர்கள் சேரக்கூடிய திட்டம் அல்ல அது. ஆனாலும் தங்கிச் செய்யும் பணியின் பலமும் பலவீனமும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. ஒரே அறையில் படுத்து ஒரே சமையலைச் சாப்பிடுகிறவர்களுக்குள் உண்டாகிற பிணைப்பு மிக உறுதியானது, மனத்தாங்கல் வந்தாலும் எழுந்து போய்விட முடியாது என்பதால் பேசித் தீர்க்கக் கற்றுக்கொள்வார்கள். ஆனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இடம் மாறுவதால், ஊரோடு உண்டாகிற உறவு குழுவுக்குள் உண்டாகிற உறவைப்போல் ஆழமாக வேரூன்றுவதில்லை. நம் நாட்டில் இதற்கு நேர் இணையான அரசுத் திட்டம் கிடையாது. இருப்பவற்றில் சில ஊருறவுக்கும், சில குழுவுறவுக்கும் வாய்ப்பளிக்கின்றன. நமக்கு வேண்டியது எது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஏழு நாள் முகாம்

நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் அடிப்படை. பணி நேரம் பெரும்பாலும் கல்லூரி வளாகத்திலும் அதைச் சுற்றியும் கழிந்துவிடும் என்பதால், மாணவர்கள் வெளியூரில் தங்குகிற வாய்ப்பு அந்த ஏழு நாள்களில் மட்டுமே கிடைக்கிறது.

ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் நடந்த ஒரு முகாமில் கண்டதைச் சொல்கிறேன். பெஞ்சுகளை ஒருபுறம் அடுக்கிவிட்டு, தொடக்கப்பள்ளி வகுப்பறையில் ஜமக்காளம் விரித்து மாணவர்கள் படுத்திருந்தார்கள். மாணவியருக்கு ஊராட்சிக் கட்டடத்தைக் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் நாள் காலையில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பினார்கள். குடிநீர் வசதி உண்டா என்ற கேள்விக்கு எல்லாப் படிவத்திலும் 'உண்டு' என்று எழுதப்பட்டிருந்தது. தெருவில் குழாய் இருந்தது, வீட்டிலிருந்த பெரியவர்களும் தண்ணீர் வருகிறது என்றுதான் சொல்லியிருந்தார்கள். அன்றிரவு படுக்கப் போகிற நேரத்தில் வெளியே குடங்கள் உரசுகிற சத்தம் கேட்டு மாணவியர் சிலர் எட்டிப் பார்த்தபோது, குழாயடியில் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் அந்த நேரத்தில்தான் வரும், அதுவும் மேட்டுப்பகுதிக்கு ஏறாது என்பதால் கடைசித் தெருக்காரர்களும் இங்கே வந்துதான் பிடித்தாக வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். மாணவியர் அங்கேயே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார்கள். குடத்துக்காகக் காத்திருப்பதால் விடியற்காலையில் எழ முடியாமல் வேலைக்குத் தாமதமாகப் போய்ப் பேச்சு வாங்குவது, வயதுக்கு வந்த பெண்ணை அந்த நேரத்தில் குழாயடிக்கு அனுப்பத் தயங்குவது என்று ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தது. ஊராட்சிக்குக் கொடுத்த மனு, மறுநாள் திருத்தி எழுதிய படிவங்களைக் கொண்டுதான் எழுதப்பட்டது.

அந்த இரவு அங்கே தங்கியிராவிட்டால் அந்த மனுவே இருந்திருக்காது. ஆனால் மனு என்னவாயிற்று என்று பின்தொடர ஏழு நாள் முகாமில் வழியில்லை. நான்காம் நாள் குளிக்கிற தண்ணீருக்காகவும் பாத்திரம் கழுவுகிற முறைக்காகவும் மாணவர்களுக்குள் சண்டை வரும், ஐந்தாம் நாள் அது தீரும், ஊர்ப் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்குவார்கள், ஏழாம் நாள் பொன்னாடை போர்த்தி நிறைவு விழா நடத்திக் கிளம்பிவிடுவார்கள். ஆகவே இந்த முகாமை ஒரு பரிசோதனையாகவே கருத வேண்டும். வேற்றூரில் தரையில் படுத்து, பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்தி, கைப்பேசிச் சமிக்ஞை இல்லாமல் ஒரு வாரம் இருந்த பிறகும் இன்னும் சில நாள் இருந்தால் என்ன என்று யாருக்குத் தோன்றுகிறதோ, அவர் இனிச் சொல்லப்போகிற நீண்ட பணிகளைப் பற்றி யோசிக்கலாம். அப்படித் தோன்றாதவர்கள் மாலை நேரப் பணிகளில் நிறைவாக ஈடுபட முடியும். கொரோனாவுக்குப் பிந்தைய கற்றல் இடைவெளியை நிரப்ப 2021-இல் தமிழக அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வியில், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, தம் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்த பெண்கள் செய்த பணி எந்த முகாமுக்கும் குறைந்ததல்ல.

சொந்த ஒன்றியத்தில் தொண்டர்

அடுத்து, மத்திய அரசின் இளைஞர் அமைப்பான நேரு யுவ கேந்திராவின் வழியாக நடந்துவந்த தேசிய இளைஞர் தொண்டர் பணி. கேந்திரா 1972-இல் தொடங்கப்பட்டது. தொண்டர் திட்டம் இன்றைய வடிவத்துக்கு வந்தது 2010-11இல். 2023 அக்டோபர் 31 அன்று தொடங்கப்பட்ட மை பாரத் அமைப்பின்கீழ் இத்தகைய இளைஞர் பணிகள் இப்போது ஒருங்கிணைக்கப்படுகின்றன. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 18 முதல் 29 வரை வயது, மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு, ஒன்றியத்துக்கு இருவர் என்பதே இத்திட்டத்தில் நிலவிவந்த ஏற்பாடு. வேலூர், காட்பாடி, கணியம்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், பேர்ணாம்பட்டு என ஏழு ஒன்றியங்கள் கொண்ட நம் மாவட்டத்தில் இடங்கள் சொற்பம் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். இளைஞர் மன்றங்களை உருவாக்குவது, விளையாட்டுப் போட்டி நடத்துவது, இரத்ததான முகாம், வாக்காளர் விழிப்புணர்வு, அரசுத் திட்டங்களைக் கொண்டுசேர்ப்பது ஆகியவை வேலை. தொடக்கப் பயிற்சியின்போது மட்டும் தங்கியிருப்பார்கள், மற்றபடி வீட்டிலிருந்தே பணி.

இதன் நன்மை வெளிப்படையானது. வாடகை இல்லை, சாப்பாட்டுச் செலவு இல்லை, மொழி பிரச்சினை இல்லை. எந்த வீட்டில் யாருக்கு முதியோர் ஓய்வூதியம் நின்றுபோயிற்று என்பது விசாரிக்காமலே தெரிந்திருக்கும். வீட்டில் நோயாளி இருப்பவர்களும், தம்பி தங்கைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பு உள்ளவர்களும் மக்கள் பணிக்கு வர இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் ஒரு குறையைப் பலரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. சொந்த ஊரில் நாம் யார் வீட்டுப் பிள்ளை என்பது எல்லாருக்கும் தெரியும். வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஊர் வேறாகவும் காலனி வேறாகவும் இருக்கிற நிலைமை இன்னும் முற்றாக மாறிவிடவில்லை. ஊர்த் தெருவில் பிறந்த ஒரு தொண்டர் காலனிக்குப் போய்க் கூட்டம் போடலாம், விளையாட்டுச் சாமான் கொடுக்கலாம். ஆனால் அங்கே ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தால் அன்று மாலையே அந்தச் செய்தி அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும், அவருடைய அம்மாதான் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். காலனியில் பிறந்த தொண்டரின் நிலைமை இன்னும் கடினமானது. இளைஞர் மன்றத்துக்கு அவர் கூட்டம் கூட்டினால் ஊர்த் தெருவிலிருந்து யாரும் வராமல் போவதும், பொதுமேடையில் அவர் நிற்கவேண்டிய இடத்தில் வேறொருவர் நிற்பதும் நடக்கின்றன. இவற்றை எதிர்த்து நின்று மாற்றிக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இருபது வயதில், மாதம் ஐயாயிரம் ரூபாயில், அதே தெருவில் வாழ்ந்துகொண்டே இதைச் செய்யச் சொல்வது பெரிய சுமை என்பதைச் சேர்வதற்கு முன்பே அவர்களிடம் சொல்லியாக வேண்டும். அறிமுகமில்லாத ஊரிலும் சாதி விசாரிப்பு இருக்கும் என்றாலும், அங்கே செய்வதற்கு விலை கொடுப்பது நாம் மட்டுமே, நம் குடும்பம் அல்ல.

வேற்றூரில் ஓராண்டு, ஈராண்டு

உள்நாட்டுப் போருக்குப் பின் 1973-இல் நைஜீரியா தன் பட்டதாரிகளுக்குக் கட்டாயத் தேசியப் பணியைக் கொண்டுவந்தபோது, மூன்று வார முகாமுக்குப் பின் அவர்களைச் சொந்த மாநிலம் அல்லாத வேறு மாநிலத்துக்கு அனுப்புவதையே விதியாக வைத்தது. ஒருவரையொருவர் அறியாத மக்களை ஒன்றாக வாழவைப்பது அதன் நோக்கம். நம் நாட்டில் கட்டாயம் ஏதுமில்லை. ஆனால் அதே அனுபவத்தைத் தரக்கூடியவை, தனியார் அறக்கட்டளைகளும் வங்கி அறக்கட்டளைகளும் நடத்தும் ஃபெலோஷிப்புகள். ஸ்டேட் வங்கியின் யூத் ஃபார் இந்தியா 2011 முதல் நடந்துவருகிறது. 21 முதல் 32 வயது வரையுள்ள பட்டதாரிகள் 13 மாதங்கள் ஒரு தொண்டு நிறுவனத்தோடு இணைந்து, கிராமத்திலேயே தங்கி, தாமே வகுத்துக்கொண்ட ஒரு திட்டத்தைச் செயல்படுத்த வேண்டும். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம், ராஜஸ்தானின் சேவா மந்திர், ஒடிசாவின் கிராம் விகாஸ் போன்ற நெடுங்கால அனுபவம் கொண்ட அமைப்புகள் இதில் கூட்டாளிகளாக இருந்திருக்கின்றன. 2008-இல் தொடங்கிய காந்தி ஃபெலோஷிப் இரண்டு ஆண்டுகளுக்கானது. அரசுப் பள்ளிகளோடும் மாவட்ட நிர்வாகத்தோடும் வேலை, சக ஃபெலோக்களோடு ஒரே வீட்டில் வாசம், இடையில் சில வாரங்கள் ஒரு கிராமத்துக் குடும்பத்தோடு தங்குவது என்று அதன் அமைப்பு இருக்கும்.

எனக்குத் தெரிந்தவரை, நம் மாணவர்களுக்கு ஆளுமையில் மிகப் பெரிய மாற்றத்தைத் தருவது இந்த வகைதான். குழுவும் உண்டு, ஒரே இடத்தில் நீண்ட நாள் இருப்பதால் ஊரும் உண்டு. முதல் இரண்டு மூன்று மாதங்கள் எதுவும் நடக்காது. வந்திருப்பவர் யார், எதற்கு வந்தார், எப்போது போவார் என்று ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். ஓர் அறுவடையையும் ஒரு திருவிழாவையும் ஒரு சாவையும் அந்த ஊரோடு சேர்ந்து கடந்த பிறகுதான் மக்கள் மனம்விட்டுப் பேசத் தொடங்குவார்கள். பதின்மூன்று மாதம் என்ற கணக்கில் ஒரு முழு வேளாண் ஆண்டு அடங்குவது இந்த வகையில் பெரிய நன்மை.

தடையாக இருப்பது பெரும்பாலும் மொழிதான். நம் மாணவர்களில் பலர் ஆங்கிலத்தில் நேர்காணலைச் சமாளித்துவிடுவார்கள், ஆனால் பீகாரிலோ ராஜஸ்தானிலோ ஓர் அம்மாவிடம் குழந்தையின் காய்ச்சலைப் பற்றி விசாரிக்க இந்தியோ அங்குள்ள பேச்சுமொழியோ வேண்டும். இதற்கு வேலூரிலேயே ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனைக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிற குடும்பங்கள் காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் அதைச் சுற்றியுள்ள விடுதிகளிலும் வாரக்கணக்கில் தங்குகின்றன. காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோவுக்கு விலை பேசத் தெரியாமல் நிற்பவர்களுக்கும், மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு எந்தக் கட்டடம் என்று தேடுபவர்களுக்கும் மூன்று மாதம் மாலை வேளைகளில் உதவி செய்கிற மாணவருக்குப் பேச்சு இந்தியும் கொஞ்சம் வங்காளமும் வந்துவிடும். விண்ணப்பப் படிவத்தில் எழுதுவதற்கு அதைவிடப் பொருத்தமான பணியும் இருக்க முடியாது.

மற்றொன்று, இவற்றுக்கான போட்டி. தேர்வில் கட்டுரைகளும் நேர்காணல்களும் உண்டு, பெருநகரக் கல்லூரி மாணவர்கள் அவற்றுக்குப் பழகியவர்கள். அதற்காக நம் மாணவர்கள் தயங்க வேண்டியதில்லை. முகாமில் குழாயடியில் உட்கார்ந்து கேட்டதை உள்ளபடி எழுதினாலே போதும்.

இதே வரிசையில் தமிழக முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 2022-இல் அறிவிக்கப்பட்ட அது இரண்டு ஆண்டுக்கானது, உதவித்தொகையும் மிக அதிகம். ஆனால் அதில் அரசுத் துறைகளோடு இணைந்து திட்டச் செயலாக்கத்தைக் கண்காணிப்பதே பணி. நிர்வாகத்துக்குப் போக விரும்புகிறவர்களுக்கு ஏற்றது, தங்கிச் செய்யும் தொண்டோடு அதை ஒப்பிடுவது பொருந்தாது.

சீருடைப் பணி

வேலூர் மாவட்டத்தில் இந்த ஒப்பீட்டை எழுதும்போது இராணுவத்தை விட்டுவிட முடியாது. வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்த ஊர் என்று பெயர்பெற்ற கம்மவான்பேட்டை இங்கேதான் இருக்கிறது. நாட்டுப் பணி என்றாலே பட்டாளம் என்று எண்ணும் குடும்பங்கள் பல. 2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டம் நான்கு ஆண்டுப் பணியைத் தருகிறது. தொடக்கத்தில் பதினேழரை முதல் 21 வயது வரை என்று வரம்பு வகுக்கப்பட்டது. முதலாண்டில் மாதம் 30,000 ரூபாய், அதில் 30 விழுக்காடு பிடித்தம் செய்யப்பட்டு, அதே அளவுக்கு அரசும் செலுத்த, நான்காண்டு முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியாகக் கிடைக்கும். அதிகபட்சம் 25 விழுக்காட்டினர் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை.

பணத்தை மட்டும் பார்த்தால் இங்கே ஒப்பிடும் தொண்டுப் பணிகள் எதுவும் இதற்கு அருகில் வராது. கூட்டு வாழ்க்கையும் ஒழுங்கும் அங்கே இருக்கின்றன. ஆனால் இது ஒரு தொழில்முறைப் பணி. உயிரைப் பணயம் வைக்கிற பொறுப்பு, நடுவில் பிடிக்கவில்லை என்று விலகிவிடக்கூடியது அல்ல. ஓராண்டு மக்கள் பணி செய்து பார்க்கலாம் என்று நினைக்கிறவர், பணம் கூடுதல் என்பதற்காக இதற்குப் போகக் கூடாது. படைக்குப் போகவேண்டும் என்றே சிறு வயதிலிருந்து ஓடிப் பழகுகிற பையனை, தொண்டு செய் என்று சொல்லித் திருப்பவும் கூடாது.

நம் மாவட்டத்துக்குள்ளேயே தங்குவது

எல்லா வழிகளையும் பார்த்த பின், பலருக்கு நான் சொல்லிவரும் யோசனை ஒன்று இருக்கிறது. அது எந்த அறிவிப்பிலும் வராது. வேற்று மாநிலம் போக முடியாதவர், சொந்த ஊரில் இருந்துகொண்டு செய்யவும் மனம் ஒப்பாதவர், நம் மாவட்டத்திலேயே வேறோர் ஊரில் தங்கலாம்.

அணைக்கட்டு ஒன்றியத்தில் ஜவ்வாது மலைத் தொடரில் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு என்ற மலை ஊராட்சிகள் இருக்கின்றன. 2023 மே மாதம் அல்லேரி மலைப் பகுதியில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள் இறந்துபோனதும், ஆம்புலன்ஸ் ஏறிச் செல்லச் சாலை இல்லாததால் உடலைத் தாய் கையில் சுமந்து நடந்ததும் செய்தியாக வந்தன. பாம்பு தீண்டுவது, பிரசவ வலி, குழந்தைக்கு மூச்சுத் திணறல் ஆகிய அவசரங்கள் அங்கே இரவு வேளையில் வந்தால் உதவிக்கு ஆள் கிடைப்பது அரிது. அந்த நேரத்தில் 108-ஐ எங்கே நின்று அழைத்தால் சமிக்ஞை கிடைக்கும், கீழே வண்டி எந்த இடம்வரை வரும், டோலி கட்ட யாரை எழுப்புவது என்பதையெல்லாம் அறிந்த ஓர் இளைஞர் மலையிலேயே இருப்பது, மாதம் ஒருமுறை நடக்கும் விழிப்புணர்வுக் கூட்டத்தைவிடப் பெரிய உதவி.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அணைக்கட்டு ஒன்றியத்தில் இளைஞர் தொண்டராகத் தேர்வாகிறவர், வாரத்தில் சில இரவுகள் மலை ஊராட்சியில் தங்கிப் பணிசெய்ய முன்வந்து அலுவலரிடம் அனுமதி கேட்கலாம். உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் தங்குமிடமும் உணவும் கொடுத்து ஆளெடுக்கிற வாய்ப்புகளும் அமைகின்றன, சம்பளம் குறைவாக இருக்கும். நம் மருத்துவத் துறை இதை நெடுங்காலமாகச் செய்துவருவதையும் பார்க்க வேண்டும். சி.எம்.சி.யை நிறுவிய மருத்துவர் ஐடா ஸ்கடர் குடியாத்தம் சாலையோரத்தில் நடத்திய மருத்துவ முகாம்களிலிருந்து, கே.வி.குப்பம் ஒன்றியத்துக்கென 1977-இல் சி.எம்.சி. உருவாக்கிய ரூசா என்ற ஊரக மருத்துவ, சமூகநல அமைப்பு வரை, மக்கள் இருக்குமிடத்துக்குப் போவது இந்த மாவட்டத்தின் மரபாகவே இருந்துவருகிறது. சி.எம்.சி.யின் மருத்துவ மாணவர்கள் படிப்பின் தொடக்கத்திலேயே சில வாரங்கள் ஒரு கிராமத்தில் தங்கிக் கணக்கெடுப்புச் செய்கிறார்கள். வேளாண் மாணவர்களும் கடைசி ஆண்டில் கிராமத்தில் தங்குகிறார்கள். கலை, அறிவியல் மாணவர்களுக்குப் பாடத்திட்டத்தில் அந்த வாய்ப்பு இல்லை என்பதால் அவர்கள்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

யாருக்கு எது

அப்பாவின் ஷூ கம்பெனிச் சம்பளத்தை மட்டும் நம்பி நான்கு பேர் சாப்பிடுகிற வீட்டிலிருந்து வருகிறவருக்கு, முதலில் வேலைக்குப் போ என்றுதான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமையும் மாலை நேரமும் பணிக்குக் கொடுத்தால் போதும். ஈராண்டு கழித்து வீட்டு நிலைமை சீரான பிறகும் ஸ்டேட் வங்கியின் திட்டத்துக்கு வயது வரம்பு தாண்டியிருக்காது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறவர்கள், தொண்டராக இருந்துகொண்டே படித்துவிடலாம் என்று நினைத்துச் சேருகிறார்கள். சொந்த ஒன்றியப் பணியில் அது ஓரளவு முடியும், தங்கிச் செய்யும் பணியில் முடியாது. இரண்டையும் பாதியாகச் செய்வதைவிடத் தேர்வை எழுதி முடித்துவிட்டு வருவது நல்லது. பிளஸ் டூ முடித்து 18 வயதில் இருப்பவர் கல்லூரியில் சேர்ந்து நாட்டு நலப்பணித் திட்டத்தின் இரண்டு ஆண்டுகளையும் முழுமையாகச் செய்யட்டும்.

வீட்டில் ஓராண்டாவது சமாளித்துக்கொள்வார்கள், மொழி கற்கத் துணிவு இருக்கிறது, ஊரை விட்டுப் போக மனம் இருக்கிறது என்பவர்களுக்கு, இருப்பதிலேயே சிறந்தது வேற்றூரில் தங்கும் 13 மாத ஃபெலோஷிப் என்பதே என் முடிவு. இரண்டு ஆண்டுத் திட்டம் இன்னும் ஆழமானது என்றாலும், முதல் முறை வெளியே போகிறவர்களில் சிலர் இரண்டாம் ஆண்டில் வீட்டுக் கல்யாணப் பேச்சுக்கும் கடன் நெருக்கடிக்கும் இடையில் தவித்துப் போனதைக் கேட்டிருக்கிறேன். அங்கே போக இயலாதவர்களுக்கு அடுத்த தேர்வு, நம் மலை ஊராட்சிகளில் தங்கும் பணி. சொந்த ஊரிலேயே தொண்டராக இருப்பதை மூன்றாவதாக வைக்கிறேன். ஆனால் அதைக் குறைவாக மதிப்பிட்டுச் சொல்லவில்லை, குடும்பச் சூழலால் அது ஒன்றே முடியும் என்றால் முழு மனத்தோடு சேரலாம்.

எதில் சேர்ந்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் தங்குமிடத்தைப் பற்றிச் சில விவரங்களை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அறையில் வேறு யார் தங்குவார்கள், கழிப்பறை வீட்டுக்குள்ளா வெளியிலா, தண்ணீர் எந்நேரம் வரும், நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது, அந்த ஆள் எவ்வளவு தொலைவில் இருக்கிறார், உதவித்தொகை மாதந்தோறும் வருமா அல்லது சில மாதங்களுக்குச் சேர்த்து வருமா, விடுப்பு எத்தனை நாள் ஆகியவை முக்கியம். தொகை தாமதமாக வந்து, மளிகைக் கடையில் கடன் சொல்லிச் சாப்பிட்ட மாணவர்கள் உண்டு. அதனால் இரண்டு மாதச் செலவுக்காவது கையில் பணத்தோடு போக வேண்டும்.

மாணவியரின் பெற்றோர் இவற்றோடு கூடுதலாக ஒன்று செய்யலாம். பெண்ணைச் சேர்ப்பதற்கு முன் அப்பாவோ அம்மாவோ ஒருமுறை அந்த ஊருக்குப் போய், ஓர் இரவு தங்கி, வீட்டுக்காரம்மாவையும் உடன் தங்கப்போகும் பெண்களையும் பார்த்துப் பேசிவிட்டு வரலாம். கிழக்கு மாநிலங்களுக்குக் காட்பாடியிலிருந்தே நேரடி ரயில்கள் இருக்கின்றன. அனுப்ப மாட்டேன் என்று முதலில் உறுதியாகச் சொன்ன அம்மா ஒருவர், அப்படிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அங்கே குளிர் அதிகம் என்று மகளுக்குக் கம்பளி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். நல்ல நிறுவனம் எதுவும் இப்படிப் பெற்றோர் வருவதை மறுக்காது. மறுத்தால் அங்கே அனுப்ப வேண்டாம்.